இடது மேல் மூலை

கடலைப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முகம் மலர்ந்து, நல்ல பொழுதுபோக்கு என்பார்கள். எனக்கு அது கண் போன கதை. வலது கண்ணில் ஒரு பகுதி போயே போய்விட்டது. மிச்சமாவது நிற்குமா என்ற பயத்தோடுதான் அந்த வருஷங்களை ஓட்டினேன். இன்றும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இதில் அழகழகாகச் சூரியோதயம் வரும் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். சூரியன் வரும், அது பாட்டுக்கு.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வயது நாற்பதைத் தொட்டிருந்தது. என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் எதைப் பேசுவது? பால் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான்.

என் நாத்தனார் குடும்பம் பிரான்சில் இருந்தது. அவர் கணவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். லீவுக்கு வந்தபோது தன் பழைய ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். தான் டிஜிட்டலுக்கு மாறிவிட்டாராம். இவருக்கு அதைத் தலைகீழாகப் பிடிப்பதா நேராகப் பிடிப்பதா என்றே தெரியவில்லை. பத்திரமாக வேட்டிகளுக்கு நடுவில் வைத்துப் பீரோவைப் பூட்டினார். நான் பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டேன்.

ஆட்களை நிறுத்தி எடுப்பதில் எனக்கு ஆசையே வரவில்லை. ஆட்கள் கண்ணை மூடுவார்கள், வாயைக் கோணுவார்கள், பிறகு படத்தைப் பார்த்துவிட்டு நம்மிடம் சண்டைக்கு வருவார்கள். கடலும் ஏரியும் அப்படியெல்லாம் வாயாடாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இவரை எழுப்பி, பைக்கின் பின்னால் உட்கார்ந்து, கேமரா ஸ்டாண்டை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு போவேன். கடற்கரைச் சாலை, வீராம்பட்டினம், ஊசுட்டேரி, இந்தப் பக்கம் காலாப்பட்டு வரைக்கும். நான் ஸ்டாண்டோடு மல்லுக்கட்டுவேன். அவர் கொட்டாவி விடுவார்.

"பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ காலையில நான் எழுந்ததில்ல" என்பார்.

"அன்னிக்கே எழுந்து நல்லாப் பாத்திருந்தா தப்பிச்சிருக்கலாம்ல" என்பேன்.

கற்றுக்கொள்வது லேசாக இல்லை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைக் கடைகளில் பழைய போட்டோ பத்திரிகைகளைக் கட்டாக வாங்கிவந்து, டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். லென்ஸைச் சுற்றி இருக்கும் எண்களில் பெரிய எண் போட்டால் துளை சின்னதாகும் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல வாரம் பிடித்தது. முதல் படங்களில் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வழிந்து கொட்டிவிடும் போல இருந்தது. சூரியனைப் பார்த்து எடுத்ததில் வானம் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்துப்போனது. இத்தனைக்கும் நடுவில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் யாரும் சொல்லாமல், யாருக்காகவும் இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் அது.

ஃபிலிமை நேரு வீதிக்குப் பக்கத்தில் ஒரு கலர் லேப்பில் கழுவக் கொடுப்பேன். அங்கே மெஷினில் உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். முகூர்த்த மாதங்களில் கல்யாண ஆல்பங்களுக்கு நடுவில் மூச்சு முட்டிக்கொண்டிருப்பார். நான் போனால் மட்டும் நிமிர்ந்து சிரிப்பார். "வாங்கக்கா. உங்க படத்தைப் பாத்தாதான் கண்ணு குளுந்து போவுது. மிச்சமெல்லாம் ஒரே பட்டுப்புடவை" என்பார். பிரிண்டுகளைக் கவரில் போட்டுக் கொடுப்பார். படங்கள் சுத்தமாக, நன்றாக இருக்கும். ஆனால் ஒரு சின்ன உறுத்தல். எடுக்கும்போது இடது ஓரத்தில் முழுதாக வைத்த படகு, பிரிண்டில் பாதியாக நிற்கும். மேலே விட்ட வானம் கொஞ்சம் குறைந்திருக்கும். நான்தான் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

டவுனில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஞாயிறு காலைகளில் போட்டோ ஆர்வலர்கள் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு, என் பிரிண்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் ஆண்கள். கூட்டத்தை நடத்தியவர் வங்கி அதிகாரி, என்னைவிட வயதில் சின்னவர், கறாரான ஆள். படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிரிண்ட வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். ஸ்லைடு போட்டு எடுங்க. அதுல லேப்காரன் கை படாது. நீங்க என்ன எடுத்தீங்களோ அதுதான் வரும். பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் ஒரு தடவை பாத்துடுங்க. அது போதும்."

ஸ்லைடு ஃபிலிமைச் சென்னையில்தான் கழுவ வேண்டும். கழுவி, ஒவ்வொரு படத்தையும் அட்டைச் சட்டத்தில் மாட்டி அனுப்புவார்கள். நான் சொன்னபடியே செய்தேன். ஒவ்வொரு தடவையும் நாலு மூலையையும் பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன். சத்தியமாகப் பார்த்தேன். பார்த்ததாகத்தான் நினைத்தேன். சென்னைக்குப் போன ஒருவர் எல்லாருடைய ஸ்லைடுகளையும் சேர்த்து வாங்கிவந்தார். பிரித்துக்கூடப் பார்க்காமல் நேரே அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைச் சாத்தி, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, புரொஜெக்டரில் போட்டுக் காட்டினார்கள்.

என் முதல் படம் ஊசுட்டேரி. தண்ணீர் தகடு போல மின்னியது, நன்றாகத்தான் இருந்தது. இடது மேல் மூலையில் ஒரு மின்கம்பத்தின் தலை, அதிலிருந்து தொங்கும் வயர். யாரோ "ச்ச்" என்றார்கள். அடுத்தது கடற்கரைச் சாலை. இடது மேல் மூலையில் தெருவிளக்கு. அடுத்தது வீராம்பட்டினம். இடது மேல் மூலையில் கரையேற்றிய படகு ஒன்றின் கொடிக்கம்பு. அதற்கடுத்த படத்தில் அதே மூலையில் இரண்டு கூப்பிய கைகள். யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர். தலை இல்லை, கழுத்துக்குக் கீழே கும்பிடு மட்டும்.

வகுப்பறை சிரித்தது. "மேடம் எந்தக் கட்சி?" என்று இருட்டில் ஒருவர் கேட்டார்.

"அது அங்க இல்ல" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. "நான் எடுக்கும்போது அங்க எதுவுமே இல்ல."

"இல்லாததை ஃபிலிம் எடுக்காது மேடம்" என்றார் வங்கி அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வெளியே வந்து என் வீட்டுக்காரரின் பைக்கில் ஏறும்போது அழுதுகொண்டிருந்தேன். ஒரு கம்பத்துக்காக நாற்பது வயசுப் பெண்பிள்ளை அழுவாளா என்று அவர் திகைத்துப்போனார். "கம்பம் எங்கியும் இருக்கும்டி. அதுக்கு என்ன பண்றது" என்று தேற்றினார். பிரிண்டுகளில் இல்லாத கம்பம் ஸ்லைடில் மட்டும் எப்படி வரும்? சென்னையில் யாருடைய ஃபிலிமோ என்னுடையதோடு கலந்துவிட்டது என்றுகூட யோசித்தேன். பைத்தியம் பிடித்தவள் என்னவெல்லாம் யோசிப்பாளோ அதெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் லேப்புக்குப் போனேன். பழைய நெகட்டிவ்களையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அவற்றை விளக்குப் பலகைமேல் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"இந்தக் கம்பமா? இது எப்பவும் இருக்கறதுதானேக்கா. நான் வெட்டிடுவேன்."

"எதை வெட்டிடுவீங்க?"

"ஓரத்தைத்தான். கொஞ்சம் பெருசு பண்ணி, அந்த மூலையைத் தள்ளிட்டுப் போடுவேன். கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ள பக்கத்துல யாராவது அரைத் தலையா வந்து நின்னுட்டா, அப்படியேவா ஆல்பத்துல வெப்போம்? வூட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. கேக்காமலே வெட்டிடறதுதான் எங்க வழக்கம். உங்களுக்கும் அப்படித்தான் பண்ணேன்."

"முதல் ரோல்லேருந்தா?"

"முதல் ரோல்லயே ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. போவப் போவ ஜாஸ்தியாயிட்டுது. சரி, அக்காவுக்கு ஓரம் பாக்கத் தெரியல, புதுசுதானே, கத்துக்குவாங்கன்னு வுட்டுட்டேன். நல்லா இருக்கற படம், கம்பத்தால கெட்டுப்போவக் கூடாதுல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாராட்டை எதிர்பார்க்கிற சிரிப்பு. போவப் போவ ஜாஸ்தியாயிட்டுது என்ற வார்த்தை அப்போது எனக்கு உறைக்கவில்லை. கேமராவில்தான் ஏதோ கோளாறு, நாளுக்கு நாள் அது மோசமாகிறது என்று பட்டது. மனசு லேசாகக்கூட ஆனது. தப்பு என்னுடையது இல்லை, பிரான்சிலிருந்து வந்த ஓட்டை டப்பாவினுடையது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ரேடியோ, கேமரா எல்லாம் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை இருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். கடைக்காரர் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்து வாசலைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. எல்லாம் தெரியுதே."

"இடது பக்கம் மேல தெரியாது. அங்க இருக்கறதை இது காட்ட மாட்டேங்குது."

"இடது பக்கம் மேல டியூப் லைட் தெரியுதும்மா. பளிச்சுனு தெரியுது. நீங்களே பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். எதிர்க்கடையின் வாசல் தெரிந்தது. தொங்கவிட்ட வாழைத்தார் தெரிந்தது. அதற்கு மேலே நீலம் அடித்த சுவர், சுத்தமாக, ஒரு கீறல்கூட இல்லாமல். டியூப் லைட் இல்லை.

"இல்லியே" என்றேன்.

"அதோ அங்கம்மா" என்று அவர் கையை நீட்டினார். கை போன திசையில் கண்ணைத் திருப்பினேன். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. கண்ணைப் பழையபடி வாசலுக்குக் கொண்டுவந்தேன். டியூப் லைட் போய்விட்டது. சுவர் மட்டும் இருந்தது. கேமராவை இடது கண்ணுக்கு மாற்றி வைத்தேன். டியூப் லைட் இருந்தது. மறுபடியும் வலது கண். இல்லை.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் அந்த ஆள் என் முகத்தைப் பார்ப்பார். "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மார்க்கெட் கூட்டத்தில் ஒரு பூக்கடை ஓரமாக நின்று, வலது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தேன். எல்லாம் முழுதாகத்தான் தெரிந்தது. எந்த ஓட்டையும் இல்லை. அந்த முழுசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் நானும் என் வீட்டுக்காரரும் காலையிலிருந்து காத்திருந்தோம். எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். கடைசி வரி வரைக்கும் தடையில்லாமல் படித்தேன். முந்தின வருஷம் படிக்கிற கண்ணாடி வாங்கியபோதும் இப்படித்தான் படித்துக்காட்டி, "உங்க கண்ணு கல்லு மாதிரி இருக்கு" என்று கடைக்காரரிடம் பேர் வாங்கியிருந்தேன். பிறகு கண்ணில் மருந்து விட்டு அழுத்தம் பார்த்தார்கள். இருட்டு அறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, அங்கங்கே மின்னும் புள்ளிகளைப் பார்த்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். புள்ளிகள் வந்தன. சில சமயம் ரொம்ப நேரம் எதுவுமே வரவில்லை. மெஷின் ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் ஒரு பெண். அவசரம் இல்லாமல் பேசினார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி ஆகி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கிற நோய்ம்மா. கிளாக்கோமான்னு சொல்வோம். வலி இருக்காது, அதனால யாரும் வர மாட்டாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சொன்னேன். கேமராவில் ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பதால்தான் வெளிப்பட்டது, இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்று விட்டதை இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்றார்.

"அப்ப எனக்கு ஏன் கருப்பா தெரியல?"

"கருப்பா தெரியும்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. தெரியாது. பக்கத்துல என்ன இருக்கோ அதை வெச்சு மூளை நிரப்பிக்கும். நீங்க வானத்தைப் பாத்தா அங்கியும் வானத்தைப் போட்டுடும்."

"நாலு மூலையையும் பாத்துட்டுத்தான் எடுத்தேன் டாக்டர்."

"ஏதாவது இருக்குன்னு தோணினாத்தானேம்மா கண்ணு அங்க போகும்."

என் வீட்டுக்காரர்தான் கேட்டார். "போனது திரும்பி வருங்களா?"

"வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம். இடது கண்ணுலயும் அழுத்தம் இருக்கு. சொட்டு மருந்து எழுதறேன். ஆயுசுக்கும் போடணும், ஒரு நாள்கூட விடக் கூடாது." நிறுத்திவிட்டு, சொல்லலாமா என்று யோசிப்பவர்போல் சொன்னார். "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இவ்ளோ போயிருக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். சமைக்கும்போதும் அது இருந்தது, ஆபீசில் ஃபைலைப் புரட்டும்போதும் இருந்தது. ஒரு வருஷம் முன்னாடி. ஒரு வருஷம் முன்னாடி என் நெகட்டிவில் கம்பம் இருந்தது. அந்த ஆள் அதைப் பார்த்தார். எனக்காக, என் படம் கெட்டுப்போகக் கூடாது என்று பாசத்தோடு வெட்டினார். ஒவ்வொரு ரோலாக, என் கண் சாகச் சாக அவர் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அவரைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்று ஒருநாள் லேப்புக்குப் போய் எதிர்ப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் நின்றேன். கண்ணாடிக்குள் மெஷின்மேல் குனிந்திருந்தார். என்ன சொல்வது? நீ நல்லவனாக இருந்ததால் என் கண் போய்விட்டது என்றா? அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, வாங்கக்கா என்று கையை ஆட்டினார். நான் திரும்பி நடந்தேன். அவர்மேல் தப்பில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதில் நியாயம் கிடையாது. எனக்கு அப்போது நியாயம் பேச நேரமும் இல்லை.

இது ரத்தத்தில் வருகிற நோய் என்று சொன்னதால் மகளை லீவு போடச் சொல்லி வரவழைத்துக் காட்டினோம். அவள் அந்த இருட்டு அறைக்குள் இருந்த நேரம் முழுவதும் நான் வெளியே பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, என் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொள், அவளுக்கு விட்டுவிடு என்று எந்தச் சாமி என்றில்லாமல் எல்லாச் சாமியிடமும் பேரம் பேசினேன். மாதா கோயில் திசையைப் பார்த்துக்கூடக் கும்பிட்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். "எனக்கெல்லாம் வராதும்மா" என்று அவள் சிரித்தாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அடுத்த தடவை அந்தப் புள்ளிகளைப் பார்க்கும் சோதனைக்குப் போனபோது நான் திருட்டுத்தனம் செய்தேன். புள்ளி தெரியாத நேரங்களில் இப்போது மெஷின் ஓய்வெடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் புள்ளி வந்தாலும் வராவிட்டாலும் ஒரு தாளகதியில் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பரிசோதனை செய்த பெண் விளக்கைப் போட்டாள்.

"அம்மா, லைட்டே வராதப்ப அமுக்கறீங்க."

"வந்துச்சும்மா."

"மெஷின்ல தெரிஞ்சுடும்மா. இப்படிப் பண்ணா டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. உங்களுக்குத்தான் கஷ்டம்."

மறுபடியும் முதலிலிருந்து செய்ய வைத்தாள். நான் ஒழுங்காகச் செய்தேன். தாளில் வலது கண்ணுக்கான வட்டத்தில் கருப்பு கூடியிருந்தது. இடது கண்ணின் வட்டத்திலும், அதே மாதிரி மேலே, கொஞ்சம் சாம்பல் நிறம் தொடங்கியிருந்தது. மருந்தை மாற்றி எழுதினார் மருத்துவர். இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது, பயப்படாதீர்கள் என்றார். பயப்படாமல் இருப்பதற்கு அவர் மருந்து ஏதும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நான் படம் எடுத்தது ஆசையால் இல்லை, வெறியால். போய்விடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். எதை? எல்லாவற்றையும். ஞாயிறு போதாமல் சனிக்கிழமையும் இவரை எழுப்பினேன். மேகம் போட்டிருந்தாலும் போனேன், மழை வரும் என்று தெரிந்தும் போனேன். ரோல் ரோலாக எடுத்தேன். பாதியைக் கழுவக்கூடக் கொடுக்கவில்லை. அந்த லேப்புக்குப் போகப் பிடிக்கவில்லை, வேறு லேப்புக்குப் போகவும் கால் வரவில்லை. ஃபிலிம் சுருள்கள் ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் இடத்தில் வரிசையாகக் கிடந்தன. கறாரான வங்கி அதிகாரி பார்த்திருந்தால், இதில் ஒன்றுகூடப் படம் இல்லை மேடம் என்றிருப்பார். அவர் சொல்வது சரியாகத்தான் இருந்திருக்கும். பார்ப்பதற்குப் பொறுமை இல்லாதவளுக்குப் படம் எங்கே வரும்?

"ஒருநாளாவது சும்மா படுத்துத் தூங்கேன்" என்றார் இவர்.

"தூங்கும்போதும் கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருக்கணும்" என்றேன். அவர் எழுந்து போய் பைக்கை எடுத்தார்.

அன்று காலாப்பட்டுக்குப் போனோம். பெரிய சாலையிலிருந்து இறங்கி, மீனவக் குப்பத்தைத் தாண்டி, கரைக்கு வந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டிருந்தது. கட்டுமரங்கள் போய்விட்டிருந்தன. கடல் அரித்துவிட்ட இடத்தில் மணல் ஒரு ஆள் உயரத்துக்கு மேடாக நின்றது. நான் கீழே ஈர மணலில் உட்கார்ந்து ஸ்டாண்டைத் தாழ்த்தி நட்டேன். இவர் எனக்கு எதிரே, இடது ஓரமாக மேட்டின்மேல் போய் நின்றார். நாய் ஏதும் வந்தால் விரட்டுவதற்கு என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் மணல் ஈரம் அவருக்குப் பிடிக்காது.

கேமராவில் ஃபிலிம் தீர்ந்துவிட்டிருந்தது. மாற்றுச் சுருளைப் பையில் தேடிக்கொண்டிருந்தவள், ஏதோ தோன்றி, கேமரா இல்லாமலே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிரே பார்த்தேன். இப்படி நான் அடிக்கடி செய்வேன். எது போயிருக்கிறது என்று சோதித்துக்கொண்டே இருப்பேன். கடல் இருந்தது. அலை இருந்தது. இடது பக்கம் மணல்மேடு இருந்தது. அதன்மேல் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் வானம், நான் இத்தனை வருஷமும் எடுக்க ஆசைப்பட்ட வானம், எந்தக் குறுக்கீடும் இல்லாமல் நீண்டு கிடந்தது.

மேட்டின்மேல் அவர் இல்லை.

கம்பங்களும் விளக்கும் பேனரும்தான் போகும் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மனுஷர்கள் போவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இருபது வருஷமாகக் கூட இருப்பவர் நின்ற இடத்தை என் கண் துடைத்துவிட்டு, அங்கே கேட்காமலே வானத்தை வைத்திருந்தது. பார்க்க அழகாக இருந்தது. கையை எடுக்க வேண்டும், எடுத்தால் இடது கண் அவரைக் காட்டிவிடும். இடது கண்ணும் போகிற நாளில் எந்தக் கையை எடுப்பேன்?

"என்னங்க" என்று கத்தினேன்.

"என்னா?" என்றது வானம்.

"எங்க இருக்கீங்க?"

"இங்கதான நிக்கறேன். உன் எதிர்லதான் நிக்கறேன். என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. பேசிக்கிட்டே இருங்க."

"என்னாத்தைப் பேசறது?"

"எதையாவது பேசுங்க. நிறுத்தாதீங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், கரண்ட் பில் இந்த மாசம் ஏன் கூட வந்திருக்கிறது, பக்கத்து போர்ஷன்காரர்கள் மோட்டாரை அணைக்காமல் விடுகிறார்கள் என்று தொடங்கினார். நான் கையை எடுக்காமல் அந்த வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்டேன்.